இரண்டு போர்க் கதைகளும் கடைசி பெஞ்சுக்காரரும்

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருடங்களில், குன்னத்துகாலுக்குப் பக்கத்தில் எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் நடந்தது இது. மலையாள அரசின் கீழிருந்த எங்கள் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் பலர் சிறைக்குப் போயிருந்தார்கள். தெற்கே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயிருந்தன. நாலு பேர் சேர்ந்து நின்றால் போலீஸ் வந்துவிடும். ஆலயத்துக்குள் கூடுவதை மட்டும் யாரும் தடுக்கவில்லை.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியார். வேலை நிரந்தரமாகும் உத்தரவுக்குக் காத்திருந்தேன். போலீஸிடமிருந்து என்னைப் பற்றி ஒரு வரி போனால் போதும், உத்தரவும் வராது, இருக்கிற வேலையும் போய்விடும். அதனால் கூட்டத்தில் பேசச் சொன்னபோது, வம்பில்லாத விஷயமாகத் தேடி எடுத்தேன். அமெரிக்கா நடத்திய இரண்டு வெவ்வேறு போர்களைப் பற்றிய இரண்டு நாவல்கள். இரண்டிலும் ஒரு சிப்பாய் 'நான்' என்று தன் கதையைத் தானே சொல்கிறான். அமெரிக்காக்காரன் சண்டையை ஒப்பிட்டுப் பேசினால் இங்கே யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால் கடைசி பெஞ்சில் ஒரு புது ஆள். ஒட்ட வெட்டிய முடி, சாயாத முதுகு. அது பெண்கள் பக்கம் என்பதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். புதிதாக வருகிறவர்களை எழும்பச் சொல்லி, பேரும் ஊரும் கேட்டு வரவேற்பது எங்கள் சபை வழக்கம். அன்றைக்குச் செயலாளர் அதை விட்டுவிட்டார். நேராக என் காதருகே வந்து, "ஆளு போலீஸாக்கும். பாத்துப் பேசு மக்கா" என்றார்.

பயந்துகொண்டேதான் ஆரம்பித்தேன். முதல் நாவல் அவர்களுடைய உள்நாட்டுப் போரைப் பற்றியது. தெற்கு மாநிலங்கள் பிரிந்து போக நினைத்ததால் வந்த சண்டை என்று சொன்னேன். அவ்வளவுதான், எங்கள் பையன்கள் கை தட்டிவிட்டார்கள். தெற்கு என்றால் எங்கள் தெற்கு, பிரிவது என்றால் நாங்கள் பிரிவது என்று எடுத்துக்கொண்டார்கள். "அடிமைகளை விடக்கூடாது என்பதற்காகப் பிரிந்தார்கள்" என்று அவசரமாகச் சேர்த்தேன். கைதட்டல் நின்றது. ஆனால் கடைசி பெஞ்சுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக ஒப்பீட்டுக்கு வந்தேன். இரண்டாவது நாவலின் சிப்பாய் கடல் தாண்டிப் போய் ஐரோப்பாவில் பதுங்குகுழியிலிருந்து சுடுகிறான். யார் மேல் பட்டது என்று கடைசிவரை அவனுக்குத் தெரியாது. முதல் நாவலில் அப்படியில்லை. எதிராளி பேசுவது அவனுக்குப் புரியும். முந்தின நாள்தான் ஆற்றங்கரையில் இருவரும் புகையிலை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் அந்த முகத்தைப் பார்த்துத்தான் சுடுகிறான். அதனால் என் மனதில் நின்றது முதல் நாவல்தான் என்று முடித்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் அவர் எனக்காகக் காத்து நின்றார். மற்றவர்கள் செருப்பு மாட்டுகிற சாக்கில் தூரத்தில் நின்று கவனித்தார்கள்.

"சாரே, ஒரு காரியம் கேக்கணும்" என்றார் மலையாளம் கலந்த தமிழில். யார் பேரைக் கேட்கப் போகிறாரோ என்றிருந்தது.

"முகம் கண்டு சுட்டவன் உண்டல்லோ. அவன் பின்னே என்ன செய்தான்?"

இதில் ஏதோ கண்ணி இருக்கிறது என்றே நினைத்தேன். கூட்டாமல் குறைக்காமல் புத்தகத்தில் உள்ளதை ஒப்பித்தேன். போர் முடிந்ததும் செத்தவனின் வீட்டைத் தேடிப் போகிறான், வாசலில் நிற்கிறான், அவன் தாய் தண்ணீர் கொடுக்கிறாள், குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறான்.

"அம்மையிட்ட ஒண்ணும் பறஞ்சில்லையா?"

"இல்லை, ஒண்ணுமே சொல்லலை."

"அதுக்குப் பெறகு அவனுக்கு உறக்கம் வந்துதா?"

"அது புத்தகத்துல இல்லை" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்து போய்விட்டார்.

உடனே செயலாளர் வந்தார். "எலே, யாரு பேரெல்லாம் கேட்டான்?"

"கதையைப் பத்தித்தான் கேட்டாரு."

"போலீஸ்காரன் கதை கேக்கவா இங்க வந்தான்?"

அன்றிலிருந்து நான் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். வேலை உத்தரவு எந்தத் தடையும் இல்லாமல் வந்தது. சந்தோஷப்படவா முடிந்தது? காட்டிக்கொடுத்ததற்குக் கூலி என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கொஞ்ச நாள் கழித்து, தெற்கே போய்வந்த செயலாளர் கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். "சூட்டுல செத்த ஒரு பையனுக்க வீட்டுக்கு எவனோ வந்து முற்றத்துல நின்னானாம். ஒட்ட வெட்டுன முடி. அந்த அம்மை கஞ்சிவெள்ளம் குடுத்திருக்கா. குடிச்சிட்டு ஒண்ணும் பேசாம போயிட்டானாம். துப்பு பாக்க வந்தவனாக்கும்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

கடைசி பெஞ்சுக்காரர் கேட்டது தன்னைப் பற்றித்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

பிறகு எல்லைக்கோடு விழுந்தது, எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றுவிட்டது. என் மேல் இருந்த சந்தேகமும் மெல்ல மறந்துபோனது. ஆனால் இன்றைக்கும் இது என்னை விடுவதில்லை: அவரைச் சந்தேகப்பட்டுப் புத்தகத்தில் உள்ளதை மட்டும் ஒப்பிக்காமல், கதையில் அவன் அந்தத் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னான், அவள் கேட்டுக்கொண்டாள் என்று நானாக ஒரு வரி சேர்த்திருந்தால், அந்த முற்றத்தில் அவரும் வாய் திறந்திருப்பாரோ?