சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த லேபிள்

கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புகார் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

கும்மிடிப்பூண்டியில் என் வீட்டுக்கு எதிரே அரசுப் பள்ளி. புதிதாக வந்த ஆங்கில டீச்சர் பிள்ளைகளிடம் காலி டப்பாக்களைக் கொண்டுவரச் சொன்னார். எல்லாம் காயலான் கடைக்குத்தான் என்று முடிவு கட்டினேன். விதி எண்களோடு மூன்று பக்கப் புகார் தயார். சாட்சி மட்டும்தான் பாக்கி.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். "காலி டப்பா எதுனா கீதா சார்?"

"உங்க டீச்சர் இதையெல்லாம் எங்க விக்கிறாங்க?"

"விக்கிறாங்களா? மேல எழுதிக்கிறத படிக்க சார். பாடப் பொஸ்தவம் உட்டா எங்களுக்கு இங்கிலீஷ்ல வேற இன்னா கீது?"

நான் நம்பவில்லை. "எங்கே, இதைப் படி" என்று கொல்லையில் குடிநீர் நிரப்பியிருந்த நீல ட்ரம்மைக் காட்டினேன். தொழிற்பேட்டைப் பக்கம் மலிவாக வாங்கியது. அவள் சுவருக்கும் ட்ரம்முக்கும் நடுவே நுழைந்து, பின்பக்க லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உள்ள விஷ மருந்து இருந்துச்சாம். காலியானா திருப்பி யூஸ் பண்ணக் கூடாதாம். நீங்க இங்கிலீஷ் படிச்சவருதான சார்?"

இரண்டு வருடமாக அந்தத் தண்ணீரில்தான் என் மனைவி சமைக்கிறாள்.

புகாரைக் கிழித்தேன். மனைவியின் ரத்தப் பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆனது. கோளாறு ஏதுமில்லை. ஆனால் அந்த ஒரு வாரமும் எதிரே பள்ளியில் பிள்ளைகள் டப்பா படிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம், நான் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.