மணிக்கட்டில் குத்திய பெயர்

கோங் எதையெல்லாம் ஜெயித்தான் என்று யாராவது கேட்டால், அவன் அக்கா லம்யாய் விரல்விட்டு எண்ணிச் சொல்வாள். வரிசை ஒருநாளும் மாறாது.

ஐந்து வயதில் காட்டுக் காய்ச்சல். படித்துறைத் தெருவில் ஒரே மாதத்தில் பதினொரு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டாவதாகப் படுத்த கோங், ஏழாம் நாள் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றான். பதினொரு வயதில் முதலை. இடது குதிகாலில் இன்றைக்கும் ஆறு பல் தடம் இருக்கிறது, அவள் எண்ணியிருக்கிறாள். பதினேழில், மூன்று பாகன்களை மிதித்துக் கொன்ற ஒற்றைக் கொம்பன். புல்லுக்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்று, மண்டிபோட வைத்தான். இருபத்தொன்பதில் வடக்கத்திப் படை. அதே வருஷத்தில் முவாங் லோம் நாட்டின் சிங்காதனம்.

கடைசி விரலை மடக்கும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிடும். மற்ற நான்கும் வந்து தாக்கின, ஜெயித்தான், அவை போய்விட்டன. சிங்காதனம் போகவில்லை. தம்பி தினமும் அதன்மேல்தான் உட்கார வேண்டியிருந்தது.

அவன் அதை ஆசைப்பட்டு வளைத்துக்கொண்டதாகச் சொல்கிறவர்கள் அன்றைக்கு ஊரில் இல்லாதவர்கள். வடக்கத்திப் படை எதிர்க்கரைக்கு வந்த அன்று விடியற்காலையில் பழைய மன்னர் படகேறிவிட்டார். மந்திரிமார் அவர் பின்னாலேயே போனார்கள். மிச்சம் இருந்தவை கொட்டடியில் நாற்பது யானைகளும், அவற்றுக்குப் புல் அறுக்கும் நானூறு ஆட்களும். அவர்களோடு புல் அறுத்துக்கொண்டிருந்த கோங் கொட்டடிக் கதவைத் திறந்தான். பாகன்கள் இல்லாத யானைகள் புல்லறுப்பவனின் குரலைக் கேட்டு ஆற்றில் இறங்கின. சாயங்காலம் எதிர்க்கரையில் மிதிபட்ட கூடாரங்கள்தான் கிடந்தன. மூன்றாம் நாள், "யாராவது ஒருத்தர் உக்காரணுமேப்பா" என்று ஊரார் வெண்குடையைக் கொண்டுவந்து அவன் தலைக்கு மேல் பிடித்தார்கள்.

இருபதாம் நாள் மந்திரி தேபா திரும்பி வந்தார். ராஜ முத்திரை அவர் மடியில் இருந்தது, சட்ட ஏடுகள் பின்னால் வந்த படகில் இருந்தன. "நாங்க ஓடலை. முத்திரையைக் காப்பாத்தப் போனோம்" என்றார். முத்திரை இல்லாத ஆணையை வெளியூர்க்காரர்கள் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை என்று அதற்குள் தெரிந்துபோயிருந்ததால், கோங் அவரைச் சேர்த்துக்கொண்டான்.

லம்யாய்க்கு அன்று பிடித்த பயம் பிறகு விடவே இல்லை. காரணம் கோங்கின் வலது மணிக்கட்டில் இருந்தது.

முவாங் லோமில் ஊழியத்துக்குச் சேரும் ஒவ்வொருவனுக்கும் பதினான்கு வயதில் மணிக்கட்டின் உள்பக்கம் ஊசியால் இரண்டு வரி குத்திக் கரி தேய்ப்பார்கள். மேல் வரி ஆளின் பெயர். கீழ் வரி எசமானின் பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் உயிரோடு இருக்கும்வரை ஆள் அவருக்குச் சொந்தம். கோங்குக்குக் குத்தியபோது கையைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான். பத்தொன்பது நாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவியவளும் அவள்தான். அக்கா தம்பி இருவருக்கும் படிக்கத் தெரியாது. ஆனாலும் கீழ் வரியில் யார் பெயர் என்று தெரியும். புல் இலாகா தேபாவுடையது.

இப்போது அந்த இடத்தில் நாலு விரல் அகலத்துக்குத் தங்கக் காப்பு. கோங் குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. தேபா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வணங்கி எழும்போது மட்டும் ஒரு கணம் காப்பைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்.

அரண்மனையில் லம்யாய்க்குத் துணை சோய் ஒருத்திதான். இருபது வருஷம் ஒரே படகில் இருவரும் ஊறுமீன் விற்றவர்கள். எந்த இடத்தில் எதைப் பேசக்கூடாதோ அதை அங்கேயே பேசுவது சோயின் வழக்கம்.

"அக்கா, கிட்டங்கியில ஒண்ணு பாத்தேன். செவப்புப் பட்டுல பை, ஆள் உசரத்துக்கு. கூடவே சந்தனக்கட்டை, உலக்கை கணக்கா. என்னன்னு கேட்டா, ராஜ குடும்பத்துல தப்புப் பண்ணினா அதுல போட்டுக் கட்டி அடிப்பாங்களாம். ராஜ ரத்தம் மண்ணுல விழக்கூடாதாம்!"

"சும்மா இருடி."

"ஏன்? நம்ம ரத்தம் மீனறுக்கும்போது எத்தனை தடவை மண்ணுல விழுந்திருக்கு. இப்ப திடீர்னு அதுக்கு மவுசு."

லம்யாய் சிரித்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

வருஷத்தின் ஐந்தாம் மாதம் வந்தது. அந்த மாத வளர்பிறை மூன்றாம் நாள் சத்தியத் தண்ணீர் குடிக்கும் நாள். மன்னரின் வாளையும் ஈட்டியையும் அம்பையும் தண்ணீரில் நனைத்து, துரோகம் நினைப்பவனை முதலை தின்னட்டும், இடி விழட்டும் என்று சாபம் ஓதி, பதவியில் இருப்பவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு கிண்ணம் குடிக்க வேண்டும். வராதவன் துரோகி. துப்பினவன் துரோகி. புதிய மன்னருக்கு இதுதான் முதல் வருஷம் என்பதால் நாடு முழுவதும் வந்திருந்தது.

அன்று விடியலில் லம்யாய் எப்போதும் போல ஒட்டரிசிச் சோற்றை உருட்டி ஊறுமீனில் தொட்டுச் சாப்பிட்டாள். ஊறுமீன் வாடை அரண்மனைக்கு ஆகாது என்று சோய்தான் மடியில் ஒளித்துக் கொண்டுவந்தாள். படகில் போகிறவள் வெறும் வயிற்றோடு போக மாட்டாள். நீண்ட நாள் என்றால் இன்னும் இரண்டு உருண்டை கூடச் சாப்பிடுவாள். அன்றைக்குத் தண்ணீர் குடிக்கும்வரை சோறு தொடக்கூடாது என்பது அரண்மனைப் பெண்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த விஷயம். ஆகவே அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. படித்துறையிலிருந்து வந்தவளுக்கும் சொல்லவில்லை.

மண்டபத்தில் பெண்கள் வரிசையில் முதல் ஆளாக அவளை நிறுத்தினார்கள். எதிரே உயரத்தில் கோங். கடைக்கோடியில், கதவுப் பக்கம், நானூறு புல்லறுப்பவர்களும் குந்தியிருந்தார்கள். அவர்களும் குடிக்க வேண்டும் என்பது கோங்கின் கட்டளை.

'என் தம்பி' என்று நினைத்தபடியே அவள் கிண்ணத்தை வாயில் வைத்தாள். இரும்பு வாடை அடித்தது. மீன் அறுத்த கத்தியைக் கழுவின தண்ணீர் போல. சாபம் காதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பயத்தில் ஒரே மடக்காக விழுங்கினாள். வயிறு ஒரு புரட்டுப் புரட்டியது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கு வழியாக எல்லாம் வெளியே வந்தது.

பளிங்குத் தரையில் தண்ணீர் பரவிற்று. அதில் வெள்ளை வெள்ளையாகச் சோற்றுப் பருக்கை.

தேபா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். வருத்தப்படுகிறவர் போலத் தலையை ஆட்டினார்.

"சத்தியத் தண்ணியைத் துப்பினது ஒரு குத்தம். அதுக்கு முன்னால சோறு தின்னது இன்னொண்ணு. எது ஒண்ணு செஞ்சாலும் உயிர் போகும். மகாராஜா மன்னிக்கணும், ஏட்டுல அப்படித்தான் இருக்கு."

"வாந்தி எடுத்தாங்க, அவ்வளவுதானே! உடம்புக்கு முடியாம..." என்று சோய் கத்தினாள். ஒரு காவலாளி அவளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தான்.

லம்யாய் தம்பியைப் பார்த்தாள். அவன் முகம் முதலை கடித்த அன்று இருந்தது போல வெளுத்திருந்தது. 'பேசாதே கோங். எனக்காகப் பேசினா உன்னையும் இறக்கிருவாங்க' என்று நினைத்தாள். அதே கணத்தில் 'பேசுடா, பேசுடா' என்றும் நினைத்தாள். யாரோ சிவப்புப் பையைக் கொண்டுவந்து ஓரமாக வைத்தார்கள். மடித்த மடிப்பு கலையாத புதுப் பட்டு. அவள் உயரத்துக்குச் சரியாக இருக்கும்.

"மன்னிக்கிறேன்" என்றான் கோங். "எங்க அக்கா துரோகி இல்லை. எழுதுங்க."

எழுத்தன் கருப்பு மடிப்பேட்டை விரித்து, வெள்ளைச் சுண்ணக் கோலால் மன்னிப்பு ஆணையை எழுதினான். முடித்துவிட்டுத் தேபாவைப் பார்த்தான். தேபா மடியிலிருந்த முத்திரையை எடுக்கவில்லை.

"இந்தக் குத்தத்துக்கு மன்னிப்புன்னா முத்திரை விழாது மகாராஜா. என் பாட்டன் காலத்துலேருந்து விழுந்ததில்லை. ஒரு வழி உண்டு. மகாராஜா தன் கையால தன் பேரை எழுதலாம். யாரும் கையைப் பிடிக்கக்கூடாது, எழுதிக் காட்டக்கூடாது. கீறல் போடறது, விரல் வைக்கறது, அதெல்லாம் அடிமைங்க வழக்கம், அது செல்லாது." சற்று நிறுத்தினார். "மகாராஜா ஒரு எழுத்துப் போட்டா விஷயம் முடிஞ்சுது. ஒரே நிமிஷ வேலை."

முன்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சிரிப்பை அடக்குகிற செருமல்.

லம்யாய்க்குப் புரிந்துவிட்டது. எழுதாவிட்டால் அக்கா பையில். அக்காளைக் காப்பாற்ற முடியாதவன், பேர் எழுதத் தெரியாதவன் என்று நாடு முழுவதும் பார்த்த பிறகு, அடுத்த பை அவனுக்கு. தன் வாந்தியின் ஓரத்திலேயே உட்கார்ந்தாள்.

கோங் படியிறங்கி வந்தான். ஏட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஆணைக்குக் கீழே விட்டிருந்த வெற்றிடத்தைப் பார்த்தான். பிறகு இடது கையால் காப்பின் கொக்கியை நெம்பினான்.

"தம்பி, வேணாம்!" என்று அவள் வாயை விட்டுவிட்டாள்.

காப்பு தரையில் உருண்டு தேபாவின் காலடியில் போய் நின்றது. வெயில் படாத மணிக்கட்டு வெளிறியிருந்தது. அதில் இரண்டு வரி, நீலக் கறுப்பாக. முன்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கீழ் வரியைப் படிக்கத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் தேபாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எசமான்" என்றான் கோங். அரசனான பிறகு அந்த வார்த்தையை அவன் சொன்னதே இல்லை. "இது உங்க ஆளு குத்தினது. மேல் வரி யாரு பேரு?"

தேபா காலடியில் கிடந்த காப்பைப் பார்த்தார்.

"உங்க ஏட்டைப் பாத்துத்தானே குத்தினாங்க. என் பேருதானா, இல்லையா?"

"உன்... மகாராஜாவோட பேருதான்."

"கீழ் வரி?"

தேபா நிமிர்ந்தார். ஆள் என்னுடையவன் என்று சொல்லிவிடத்தான் வாயெடுத்தார். கதவுப் பக்கமிருந்து ஒரு கிழட்டுக் குரல் முந்திக்கொண்டது.

"ஆளை எதிரிகிட்ட விட்டுட்டு எசமான் ஓடினா மணிக்கட்டு சும்மா!"

அப்படி ஓடினால் கீழ் வரி செல்லாது என்ற அந்த ஒரு சட்டம் ஏடு பார்க்காமலே ஊழியக்காரன் ஒவ்வொருவனுக்கும் தெரியும். நானூறு பேரும் எழுந்து நின்றார்கள். எவன் கையிலும் ஆயுதம் இல்லை. வலது கையை உள்பக்கம் தெரியத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானூறு மணிக்கட்டிலும் கீழ் வரி ஒன்றுதான். கீழ் வரியை உரிமை கொண்டாட வேண்டுமென்றால், படகேறி ஓடியது யார் என்பதையும் தேபா அங்கேயே சொல்ல வேண்டும். அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"யாரும் எழுதிக் காட்டலை" என்றான் கோங். "என் கையில இருக்கறதை நான் பாத்துக்கறேன்."

வலது மணிக்கட்டைத் தொடைமேல் திருப்பி வைத்துக்கொண்டு, கோலை இடது கையில் எடுத்தான். அரிவாளைப் பிடிக்கிற பிடியாகப் பிடித்தான். முதல் கோல் ஒடிந்தது. எழுத்தன் வேறு கொடுத்தான், அதுவும் ஒடிந்தது. முன்வரிசையில் செருமல் மறுபடி கேட்டது. காவலாளி சிவப்புப் பையின் வாய்க் கயிற்றைத் தளர்த்தினான்.

லம்யாய் கண்ணை மூடவில்லை. மூன்றாவது கோல். அவன் மணிக்கட்டைப் பார்ப்பான், ஒரு வளைவு போடுவான், மறுபடி பார்ப்பான். நெற்றி வேர்வை ஏட்டில் சொட்டியது. துடைக்கப் போனவன் எழுத்து கலைந்துவிடும் என்று கையை இழுத்துக்கொண்டான். கோணல் மாணலாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வந்தது. ஆனால் அந்த உருவத்தைப் பத்தொன்பது நாள் மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவியவளுக்கு, ஒவ்வொரு வளைவும் அடுத்து எங்கே திரும்பும் என்று தெரியும். ஒவ்வொன்றும் அங்கேதான் திரும்பியது. பயத்தில் பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருந்தவளுக்கு, ஆறாவது விரல் வேண்டுமே எண்ணுவதற்கு என்று தோன்றியது.

மேல் வரி முடிந்தது. கீழ் வரியைத் தொடாமல் கோலைக் கீழே வைத்தான்.

எழுத்தன் குனிந்து, எழுத்துக் கூட்டி, எல்லாருக்கும் கேட்க வாசித்தான். "கோங்."

யாரும் செருமவில்லை. காவலாளி தேபாவைப் பார்த்தான், மன்னரைப் பார்த்தான், பையை மடித்த மடிப்பிலேயே திரும்ப மடிக்க ஆரம்பித்தான். சோய் ஓடிவந்து லம்யாயின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். கோங் ஏட்டைத் தூக்கி அக்காவின் பக்கம் திருப்பினான்.

"சரியா இருக்கா, அக்கா?"

"சரியாத்தான் இருக்குடா" என்றாள், படிக்கத் தெரியாதவள்.

எழுத்தன் கோலை எடுத்து, அந்தப் பெயருக்குக் கீழே வழக்கப்படி நாளைக் குறித்தான்: குரங்கு ஆண்டு, ஐந்தாம் மாதம், வளர்பிறை மூன்றாம் நாள்.