டாஷ்போர்டில் துளை போடாமல் காரைக்காலிலிருந்து பாண்டிச்சேரிக்கு, 132 கி.மீ.

1978 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, கோட்டுச்சேரியில் என் அத்தான் வீட்டு வாசலில் மூன்று பேர் கூடி ஆலோசித்து, காரின் டாஷ்போர்டில் துளை போடுவதில்லை என்று தீர்மானித்தோம். ஆதரவு இரண்டு, எதிர்ப்பு ஒன்று. ஆதரித்தவர்கள் காரின் உரிமையாளரான அத்தானும், அவர் மனைவியின் தம்பியான நானும். எதிர்த்தவர் மெக்கானிக் காசிம் பாய். வேலை தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர்கள் இருவர் என்றால் தீர்மானம் எந்தப் பக்கம் நிறைவேறும் என்பது இந்த நாட்டில் யாருக்கும் புதிதல்ல.

பழைய காரில் காரைக்காலிலிருந்து பாண்டிச்சேரி போக ஆசை, வழி சொல்லுங்கள் என்று சென்ற பதிவின் கீழே இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். சொல்கிறேன். நான் பழைய காரில் அந்த வழியில் போனது ஒரே ஒரு முறைதான். ஆகையால் அதையே சொல்கிறேன்.

அத்தானுக்கு ஒரு வேலி நஞ்சையும் ஒரு குமாஸ்தா உத்தியோகமும் இருந்தன. இரண்டுக்கும் தேவைப்படாத ஒரு காரும் இருந்தது. பிரான்ஸுக்குக் குடிபோன ஒரு பென்ஷன்காரரிடம் வாங்கியது. இரண்டு கதவு, தாழ்ந்த உடம்பு, சிவப்பு நிறம். வைக்கோல் வண்டிக்குப் பின்னால் நிற்கும்போதும் பந்தயத்துக்குக் கிளம்புகிற தோற்றம். அதன் பின்சக்கர சாக் அப்சார்பர்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே இளக்கவும் இறுக்கவும் முடியும். உள்ளே எண்ணெய் போய்வரும் வழியை ஒரு மின்சாரக் கருவி அகலமாக்கும், குறுக்கும். பழைய கருவிக்கு இரண்டே நிலை. அதுவும் ஒன்றில் சிக்கி நின்றுவிட்டது. சென்னைப் புதுப்பேட்டையில் நானூற்று இருபது ரூபாய்க்கு நான்கு நிலை உள்ள கருவி ஒன்று அகப்பட்டது. ஒன்றில் வைத்தால் தொட்டில். நான்கில் வைத்தால் கட்டை வண்டி.

காசிம் பாய் ஐந்து மணி நேரத்தில் பொருத்திவிட்டார். பின்சீட்டுக்கு அடியில் ஒயரை இழுத்து, சக்கரம் வரை கொண்டுபோய், நான்கு எண்ணும் ஒழுங்காக வேலை செய்வதைக் காட்டினார். மீதி இருந்தது அந்த எண்களைத் திருப்பும் குமிழை எங்கே வைப்பது என்பதுதான்.

"பலகையிலயே வைங்க மொதலாளி. வட்டமா ஒரு ஓட்டை, முடிஞ்சுபோச்சு."

"பாய், இது தேக்கு. அந்த மனுஷன் வாராவாரம் எண்ணெ தொட்டுத் தொடச்ச பலகை."

"அடியில வெச்சா குனிஞ்சுல்ல தேடணும்? நல்ல சாமானை ஏன் களவாண்ட சாமான் மாதிரி ஒளிக்கிறீங்க?"

"ஒளிக்கலை பாய். அழகுக்கு."

குமிழ் பலகைக்கு அடியில், இடது கோடியில் போய் உட்கார்ந்தது. ஓட்டுகிறவர் கைக்கு எட்டாது. பக்கத்தில் இருப்பவர் முழங்காலில் இடிக்கும். பக்கத்தில் இருந்தவன் நான்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை இரவு, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அக்கா சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். இடது கண்ணைக் கையால் மூடிச் சுவரைப் பார்த்தாள். வலது கண்ணில் கீழேயிருந்து ஒரு கறுப்புத் திரை எழும்பியிருக்கிறது என்றாள். எவ்வளவு என்று கேட்டேன். "கால்வாசி" என்றாள். அக்கா பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர். அவள் கால்வாசி என்றால் அது கால்வாசிதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் காரைக்கால் டாக்டர் பார்த்தார். விழித்திரை உரியத் தொடங்கிவிட்டது. கூர்மையாகப் பார்க்க உதவும் அதன் நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது கழல்வதற்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார். அதற்கான டாக்டர் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு வருவது வியாழக்கிழமை மட்டும், மாலை நான்கு மணி வரை. அன்று வியாழன். மல்லாந்து படுத்தபடி, தலை அசையாமல், குலுங்காமல் போகவேண்டும்.

"இந்த ரோட்டுல குலுங்காம எப்படிங்க போறது?" என்றாள் அக்கா.

அத்தானும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கருவிக்கு முதன்முதலாக ஒரு காரணம் கிடைத்திருந்தது.

டாக்டரின் கடிதத்தோடு 9.15க்குக் கிளம்பினோம். அத்தான் ஓட்டினார். நான் குமிழ். அக்கா பின்சீட்டில் கால்களை மடக்கி, இரண்டு தலையணைக்கு நடுவே தலையை வைத்துப் படுத்திருந்தாள். மணிக்கு முப்பது கிலோமீட்டர் போனாலும் ஒன்றரை, இரண்டு மணிக்குள் சேர்ந்துவிடலாம்.

ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கருவி நன்றாக வேலை செய்தது. ஆழமான பள்ளத்துக்கு ஒன்று சரி. ஆனால் அலை அலையாகக் கிடக்கும் ரோட்டில் ஒன்றில் வைத்தால் பள்ளம் போனபிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். அங்கே மூன்றுதான் சரி. இதைக் கண்டுபிடித்தவள் அக்கா. கூரையைப் பார்த்தபடியே எண் சொல்லிக்கொண்டு வந்தாள். "ரெண்டு வைடா." "இப்ப மூணு." "என்னங்க, மாட்டு வண்டிக்கு வழி விடுங்க, நமக்கென்ன அவசரம்." தரங்கம்பாடி தாண்டும்போது, திரை எவ்வளவு என்று கேட்டேன். "கால்தான். ஏறலை" என்றாள். அத்தான் பலகையை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

இருபத்திரண்டாவது கிலோமீட்டரில், 10.05க்கு, ஒரு போலீஸ் சாவடி. எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். அந்த இடத்தில் இப்போது ஒரு பரோட்டாக் கடை இருக்கிறது. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? இளைய வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: காரைக்கால், தமிழ்நாட்டுக்கு நடுவே கிடக்கும் பாண்டிச்சேரித் துண்டு. அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு, காரைக்காலில் சாராயக் கடை. ஆகவே எங்கள் ஊர் நம்பர் பிளேட் மாட்டிய எந்த வண்டியும் சக்கரம் வைத்த ஒரு பாட்டில்.

சாவடிகளில் ஒரு வழக்கம் உண்டு. டிக்கியைத் திறப்பதற்கு முன் இரண்டு கையாலும் அதை அழுத்திப் பார்ப்பார்கள். வெறும் வண்டி பொசுக்கென்று இறங்கி எழும். கடத்துகிறவர்கள் கனம் வெளியே தெரியாமலிருக்கப் பின்னால் கூடுதலாக வில்பட்டை வைத்திருப்பார்கள். அந்த வண்டி இறங்காது. ஏட்டு அழுத்தினார். குமிழ் மூன்றில் இருந்தது. வண்டி இறங்கவில்லை. திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு கூஜா, துணிப்பை, ஸ்டெப்னி. ஏட்டு திருப்தியடையவில்லை.

"கனம் இருக்கு. சாமானைக் காணோம்."

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். பௌதிகம் படித்தவன் செய்யும் தவறு. விளக்கிக் காட்ட முயன்றேன்.

"ஏட்டய்யா, இது வண்டியோட சங்கதிங்க. இருங்க." குனிந்து குமிழை ஒன்றுக்குத் திருப்பினேன். "இப்ப அழுத்துங்க."

வண்டி இலவம்பஞ்சு மெத்தை மாதிரி இறங்கி எழுந்தது. ஏட்டு கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்பதான் கனமா இருந்துச்சு. இப்ப லேசாயிடுச்சு. நடுவுல எங்க எறக்குனே?"

"எதைங்க?"

"அதைத்தான் கேக்குறேன்."

 ஏட்டு காருக்குள் தலையை விட்டுப் பலகைக்கு அடியில் தடவினார். கண்டுபிடித்துவிட்டார்.

"சுவிச்சை ஏன் கீழ ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"ஒளிக்கலீங்க," என்றார் அத்தான். "பலகை தேக்கு. ஓட்டை போட மனசு வரலை."

"தேக்கா?" விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். "தேக்குல ஓட்டை போட மனசு வராதவரு, ஒயரை மட்டும் பின்சீட்டு வரைக்கும் இழுத்திருக்கீரு. சீட்டைத் தூக்கணும். அந்தம்மாவை எறங்கச் சொல்லும்."

கடிதத்தைக் காட்டினோம்.

"லெட்டர் இல்லாம இந்த வழியா எவன்யா வர்றான்? போன வாரம் ஒரு பொணம் வந்துச்சு, லெட்டரோட. அதுக்கடியில நாப்பது பாட்டிலு."

பின்சீட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஏங்க, நான் எந்திரிச்சா கண்ணு போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. சீட்டுக்கடியில ஒயரும் தூசியும்தான் இருக்கு."

"என் வேலைய நான் பாக்கணும்மா."

"பாருங்க. உங்களுக்குத்தான் ரெண்டு கண்ணு இருக்கே."

இரண்டு கதவுக் காரில் பின்னாலிருப்பவர் இறங்க வேண்டுமென்றால், முன்சீட்டை மடக்கி, தலையைக் குனிந்து, உடம்பைத் திருகி வெளியே வரவேண்டும். டாக்டர் செய்யாதே என்று சொன்ன எல்லாவற்றையும் அக்கா ஒரே அசைவில் செய்தாள். அப்போது மணி 10.25.

சாவடியில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் பறிமுதல் பாட்டில்கள் படுத்திருந்தன. சாட்சிப் பொருளை நகர்த்தத் தமக்கு அதிகாரமில்லை என்றார் ஏட்டு. தரையில் துண்டை விரித்து அக்காவைப் படுக்கவைத்தோம். நடக்க வழியில்லை என்று எழுப்பிவிட்டார்கள். அக்காவை மட்டும் பஸ்ஸில் அனுப்புகிறோம் என்றோம். வண்டியில் வந்தவர் யாரும் போகக்கூடாது. பின்சீட்டைப் பிடுங்கி வெயிலில் போட்டார்கள். ஒயரைத் தடவிக்கொண்டே போய்ச் சக்கரத்தில் முட்டிக்கொண்டார்கள். இனி எஸ்.ஐ. வந்துதான் சொல்லவேண்டும். எஸ்.ஐ. எங்கே? வருவார். அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நான் சத்தம் போட்டேன். அத்தான் கையைக் கூப்பினார். இரண்டுக்கும் ஒரே பலன்.

எஸ்.ஐ. 1.15க்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். படித்த மனிதர். ஒரே நிமிடத்தில் புரிந்துகொண்டார். அடுத்த பத்து நிமிடம் குமிழை ஒன்றிலிருந்து நான்குக்கும் நான்கிலிருந்து ஒன்றுக்கும் திருப்பி, ஏட்டை அழுத்தச் சொல்லி ரசித்தார். "பிரமாதமா இருக்கே! எங்க வாங்குனீங்க? நம்ம ஜீப்புக்கு வருமா?" அத்தான் புதுப்பேட்டைக் கடையின் பெயரைச் சொன்னார். எஸ்.ஐ. குறித்துக்கொண்டார்.

பிறகு ஒரு காகிதம் நீட்டினார்கள். வண்டியையும் அதில் வந்த அனைத்தையும் சேதமின்றித் திரும்பப் பெற்றுக்கொண்டோம் என்று எழுதியிருந்தது. அக்கா வாங்கி, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"எதுடா 'சேதமின்றி'?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"அந்த எடத்துலதான் ஒண்ணும் தெரியலை," என்றாள். "பாதி ஏறிடுச்சு."

அத்தான் கையெழுத்துப் போட்டார். மணி 1.40.

கிளம்பியதும் அத்தான் ஆக்சிலரேட்டரை மிதித்தார். அக்கா கூரையைப் பார்த்தபடி பேசினாள். "இன்னும் நூத்திப்பத்து கிலோமீட்டர். இருக்கறது ரெண்டு மணி இருபது நிமிஷம். சராசரி நாப்பத்தேழு வேணும். கொள்ளிடம் பாலம் இருக்கு, சிதம்பரம் கடைத்தெரு இருக்கு. முடியாதுங்க. மெதுவாவே போங்க. டேய், ரெண்டு வை." அதன்பிறகு அவள் எண்களை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

4.50க்குப் பாண்டிச்சேரி. டாக்டர் 4.05க்குக் கிளம்பிப் போயிருந்தார். மறுநாள் சென்னைக்கு இன்னொரு 160 கி.மீ.; சனிக்கிழமை ஆபரேஷன். விழித்திரையை ஒட்டிவிட்டார்கள். நடுப்பகுதி அதற்கு முன்பே கழன்றிருந்தது. வலது கண்ணால் எதிரே நீட்டிய விரல்களை எண்ணலாம், எழுத்தைப் படிக்க முடியாது, பக்கத்துப் பொருளின் தூரமும் சரியாகப் பிடிபடாது என்றார்கள். சாவடியில் எழுந்து உட்கார்ந்ததாலா, தானாகவே பரவியதா என்று டாக்டரைக் கேட்டேன். "ரெண்டுமே இருக்கலாம்" என்றார். அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஏட்டு இத்தனை வருடமாகச் சௌகரியமாக நிற்கிறார். அங்கே அவர் தனியாக இல்லை. துளை வேண்டாம் என்று வாக்களித்த ஒருவனும் பக்கத்தில் நிற்கிறான்.

வழி கேட்ட வாசகர்களுக்கு: காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள், சிதம்பரம் கடைத்தெரு விழிப்பதற்குள் தாண்டிவிடலாம். பழைய காரில் ஏதாவது மாற்றியிருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். கருவி வாங்கிய ரசீது கையில் இருக்கட்டும். சுவிட்சு எதுவானாலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். யாராவது டிக்கியை அழுத்தினால், அழுத்திக்கொள்ளட்டும், விளக்கம் சொல்லாதீர்கள். நோயாளியை இரண்டு கதவு வண்டியில் ஏற்றாதீர்கள். காரைக்கால் டாக்டர் சொன்னால் உடனே கிளம்புங்கள், ஆனால் அவர் சொல்வதை எல்லோரும் கேட்பார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் அத்தான் காசிம் பாயை வரவழைத்து, தேக்குப் பலகையின் நடுவில் ஒன்றேகால் அங்குலத்துக்குத் துளை போடச் சொன்னார். வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. பாய் கூலி வாங்கிக்கொள்ளவில்லை.

அக்கா இன்றும் காபி ஊற்றும்போது, பாத்திரத்தின் விளிம்பை டம்ளரில் முட்டவைத்த பிறகுதான் சாய்க்கிறாள்.