வெள்ளிக்கிழமை இரண்டு மணி

சேலம் ஒண்டிக்கடைப் பகுதியில் அண்ணன் ரிஸ்வானின் மிளகுக் கடைப் பின்னறையில் உட்கார்ந்து, பெங்களூரு கம்பெனி ஒன்றின் டேட்டாபேஸ்களைக் கவனிப்பது சாஜிதாவின் உத்தியோகம். சினிமா டிக்கெட் விற்கும் தளம் ஒன்றும் அதில் உண்டு. அதன் டேட்டாபேஸ் ஓடும் கிளவுட் இயந்திரத்தின் திறனை மாற்றி, எட்டு கோர், கோருக்கு ஒரே த்ரெட் என்று புரோகிராம் கோடில் எழுதி அனுப்பியிருந்தாள். மேலாளர் சரிபார்க்காமல் அவளே தனியாகச் செய்த முதல் மாற்றம். இதில் சொதப்பினால், ஊரிலிருந்தே வேலை பார்க்கும் அனுமதி போய், பெங்களூரு ஹாஸ்டலுக்கே மூட்டை கட்ட வேண்டும்.

மாற்றம் ஏற வேண்டுமானால் டேட்டாபேஸ் பத்து நிமிடம் நின்று கிளம்பும். அதற்கு அவள் குறித்த நேரம் வெள்ளி மதியம் இரண்டு. ஜும்மா தொழுகைக்காக அந்நேரம் கடை சாத்தியிருக்கும். உலகமே சாத்தியிருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ரிஸ்வான் தொழுதுவிட்டு வந்தான். கையில் போன்.

"ரெண்டு மணிக்கு புக்கிங் தொறக்குறாங்க சாஜி. புதுப்படம். சேலமே காத்துக் கெடக்குது."

"எதுலண்ணா?"

காட்டினான். அவளுடைய தளமேதான். சாஜிதா உள்ளே ஓடி, வெள்ளியைச் செவ்வாய் விடியற்காலையாக்கி மறுபடி அனுப்பினாள். ஏற்றுக்கொண்டதாகத் திரை சொன்னபோது மணி ஒன்று ஐம்பத்தெட்டு.

"ஏன் பேயறைஞ்சாப்ல ஓடுற?"

"உன் டிக்கெட்டக் காப்பாத்தத்தான்."

"ஆமா, நீதான் தியேட்டர் ஓனரு."

இரண்டு மணிக்குத் தளம் திறந்தது. அவன் இரண்டு டிக்கெட் என்று தட்டி, சீட் தேடினான்.

"இன்னொண்ணு யாருக்குண்ணா?"

"உனக்குத்தான். திரும்ப பெங்களூரு கூப்பிட்டுக்குவாங்கன்னு சொன்னியே. அதுக்குள்ள ஒரு படம் பாத்துரு."

"நான் போகப் போறதில்லண்ணா," என்றாள் சாஜிதா. "ஓரத்து சீட்டாப் போடு."