ஆள் வரம்பு நான்கு

செய்தி வந்தபோது நான் திருத்தங்கலில், வேலை பார்க்கும் அச்சகத்தில், ஒரு நாள்காட்டிக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பகல் பதினொரு மணிக்கு அக்கா கூப்பிடுகிற வழக்கம் இல்லை. எடுத்ததும், "மீனா, அத்தான் போயிட்டாகடி" என்றாள். நான் கேட்ட முதல் கேள்வியை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. "தண்ணியிலயா?" என்று கேட்டேன்.

"தண்ணியில அவுகளுக்கு என்ன ஆகும்?" என்றாள் அக்கா. அத்தனை அழுகைக்கு நடுவிலும் அந்தக் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. "வீட்டுலதான். டீயைக் குடிச்சிட்டு டம்ளரைக் கீழ வச்சாக. வச்ச கையோட சாஞ்சிட்டாக."

எம். புதுப்பட்டி குருசாமி, என் அக்கா பொன்னுத்தாயின் கணவர், எனக்கு அத்தான். ஐம்பத்திரண்டு வயது. அவருடைய நினைவு அட்டையை எங்கள் அச்சகத்தில்தான் அடித்தோம்; நானே வடிவமைத்தேன். படம், பெயர், தோற்றம், மறைவு, வருந்தும் குடும்பத்தார் என்று எல்லாம் வைத்த பிறகு அந்த அட்டையில் நாலு வரிக்குத்தான் இடம் மிச்சம். பதினாறாம் நாளும் கழிந்துவிட்டது. அட்டைக்குள் அடங்காததை எழுத எனக்கு இத்தனை நாள் பிடித்திருக்கிறது.

அவர் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் ரூமில் அவருக்கு வேலை. எவ்வளவுதான் தேய்த்துக் குளித்தாலும் காது மடலில் அலுமினியத் தூள் மினுங்கும். முதல் நாள் விருந்துக்கு வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றினார், குனிந்தார், உள்ளங்கையைத் தரையில் பதித்து ஒரு நொடி நின்றார், பிறகுதான் படி ஏறினார். அம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "எம் மருமகன் வாசலைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் உள்ள வாராக" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே செய்தார். அம்மாவும் ஒவ்வொரு முறையும் கண்கலங்கினாள்.

உண்மை வேறு. மருந்து ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்கு இறங்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சட்டை உரசலில் பிறக்கிற சின்னப் பொறி போதும், எல்லாம் முடிந்துவிடும். அத்தானுக்கு அது கையோடு ஒட்டிப்போன பழக்கம். எந்த வாசலைப் பார்த்தாலும் கை தானாகத் தரைக்குப் போகும். இது தெரிந்ததும், "அம்மாகிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "அத்தை அம்புட்டு சந்தோசமா இருக்காக. அதைப் போய் ஏன் கெடுக்க?" என்றார். அம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் யாரும் போய்ச் சொல்லிவிட வேண்டாம்.

பதினெட்டு வருட வேலையை ஒரு தீபாவளி சீசனின் நடுவில் திடீரென்று விட்டார். ஏன் என்று கேட்டால், "பிடிக்கலையாம்" என்று மட்டும் அக்கா சொல்வாள். பிறகு மலையடிவாரத்து அணையில் மீன் குத்தகை எடுத்தவரிடம் படகு ஓட்டப் போனார். கடலையே பார்த்திராத மனிதர் தூத்துக்குடிப் பக்கம் போய் ஒரு மாதம் தங்கி, மோட்டார் படகு ஓட்டக் கற்று வந்தார். சின்ன பைபர் படகு, பின்னால் ஒரு சின்ன எஞ்சின். வலை போட, வலை எடுக்க; அணை நிறைந்த மாதங்களில் அக்கரைக் கோயிலுக்குப் போகிறவர்களை ஏற்றிவிட. படகு வந்த அன்றே அதன் பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்ட் அடித்து, வெள்ளையில் எழுதினார்: ஆள் வரம்பு 4.

சிவகாசி வட்டாரத்தில் இந்த எழுத்தைத் தெரியாதவர் கிடையாது. ஒவ்வொரு மருந்து ரூம் வாசலிலும் இருக்கும், உள்ளே இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று. அதைப் படகில் பார்த்து ஊரே சிரித்தது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. மகள் யாழினி பிறந்த பிறகு பயம் இன்னும் முற்றிவிட்டது. அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். தூங்காவிட்டால் ஏன் தூங்கவில்லை என்று பார்ப்பேன். வெளியூர் கிளம்பினால் அத்தானுக்குப் போன் போட்டுவிடுவேன். மற்றவர்கள் எல்லாம் "ஒண்ணும் ஆகாது, பயப்படாதே" என்பார்கள். அத்தான் மட்டும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "வண்டியில எத்தனை பேரு? டயர்ல காத்து பாத்தாச்சா? பிள்ளைக்கு மருந்து எந்தப் பையில இருக்கு?" என்று கேட்பார். பதில் சொல்லச் சொல்ல நெஞ்சு படபடப்பு அடங்கும். "பயம் சும்மா இருந்தாத்தான் ஆளைத் தின்னும் மீனா. அதுக்கு ஒரு வேலையைக் குடு" என்பார்.

அப்படிப்பட்ட அத்தானோடு நான் ஒரே ஒருமுறை சண்டைக்குப் போனேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

யாழினிக்கு ஒரு வயது முடிந்த தை மாதம். எங்கள் குலதெய்வக் கோயில் அணையின் அக்கரையில் இருக்கிறது. அங்கேதான் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். மழை நல்ல மழை, அணை நிறைந்து நடைபாதை மூழ்கிவிட்டது. அம்மா, அப்பா, மாமனார், மாமியார், அக்கா எல்லோரையும் அத்தான் முந்தின நாளே நடை நடையாகக் கொண்டுபோய் விட்டுவிட்டார். காலையில் மிச்சம் இருந்தது நான், என் கணவர் செல்வம், மகள், அவள் தாய்மாமனான என் தம்பி ராசு. ஒன்பது மணிக்குள் காது குத்தியாக வேண்டும் என்று நேரம் குறித்திருந்தார்கள்.

நாங்கள் ஏழு மணிக்கே கரைக்கு வந்துவிட்டோம். அத்தான் அவசரப்படவே இல்லை. முதலில் மலையைப் பார்த்தார், மேகம் இறங்குகிறதா என்று. கரையில் டீ போடுகிறவரிடம், பத்து மணிக்குள் திரும்பாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று சொல்லி வைத்தார். படகைச் சுற்றி வந்து, அடியில் தண்ணீர் வடிகிற துளையின் மூடியைத் திருகிப் பார்த்தார். எஞ்சினைப் படகோடு பிணைத்திருக்கும் திருகுகளை இறுக்கினார். எஞ்சின் விசிறியில் சுற்றியிருந்த நைலான் நரம்பு வலைத் துண்டு ஒன்றைப் பொறுமையாக அறுத்து எடுத்தார். பெட்ரோல் டேங்கைப் படகில் வைத்து ஊற்றவில்லை; கரையில் இறக்கி, மண்ணில் வைத்து, உள்ளங்கையைத் தரையில் பதித்து, அப்புறம்தான் மூடியைத் திறந்தார். ஊற்றி முடித்து, குழாயை மாட்டி, மோந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

"என்ன அத்தான், பொண்ணு பாக்க வந்த மாதிரி நிக்கிறீக?" என்றான் ராசு.

"வாசம் போகட்டும் மாப்ள. பெட்ரோல் வாசம் இருக்கயில எஞ்சினை இழுக்கக்கூடாது."

துடுப்பு, கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு வாளி, விசில் எல்லாம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டி, வாரை அவரே இழுத்துப் பார்த்தார். எஞ்சினிலிருந்து வருகிற சிவப்புக் கயிற்றைத் தன் மணிக்கட்டில் மாட்டினார். ஓட்டுகிறவர் தடுமாறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். "காப்புக் கட்டியாச்சு, இனி சாமி வரும்" என்றான் ராசு. அத்தானும் சிரித்தார். மணி எட்டேகால்.

பிறகு எண்ணினார். என்னை, செல்வத்தை, யாழினியை, தன்னை. "நாலு. மாப்ள, நீ அடுத்த நடையில வா."

போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம், மறுபடி இருபது நிமிடம். ராசு அக்கரை சேர்வதற்குள் ஒன்பது தாண்டிவிடும். மாமன் மடியில் உட்காராமல் எப்படிக் காது குத்துவது? அப்பா இல்லாமல் பூசை தொடங்காது என்பதால் செல்வத்தையும் விட்டுவிட்டுப் போக முடியாது. ராசுவுக்கு முகம் சிறுத்துவிட்டது. "இது படகா, மருந்து ரூமா அத்தான்?" என்றான். அவனுக்காக நான் குறுக்கே புகுந்தேன். தூக்கத்தில் பிள்ளை மூச்சு விடுகிறதா என்று எழுந்து எழுந்து பார்க்கிற நான்தான் சொன்னேன்:

"ஒரு வயசுப் பிள்ளை அத்தான். அதெல்லாம் ஒரு ஆளா? மடியில வச்சுக்கிடுதேன். அதுக்குன்னு தனியா இடமா வேணும்?"

அத்தான் கோபப்படவில்லை. படகுக்குள் குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால், உள்ளே இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு மிதவைச் சட்டை, குழந்தை அளவு. கழுத்துக்குப் பின்னால் தலை தாங்க ஒரு மடிப்பு. போன வாரம்தான் தூத்துக்குடிக்குச் சொல்லிவிட்டு வரவழைத்தாராம்.

"ஆள் இல்லைன்னா இதை யாருக்கு வாங்குனேன்?" என்றார். "மடியில இருந்தாலும் அது ஒரு உசுரு. இடத்தை எண்ணக்கூடாது மீனா, உசுரை எண்ணணும்."

மனதுக்குள் கறுவிக்கொண்டுதான் படகில் ஏறினேன். அந்தச் சட்டையை மகளுக்கு மாட்டும்போதுகூட அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

பாதித் தூரம் போயிருப்போம். நிறைந்த அணைக்கு அடியில் கருவேல மரங்கள் நின்றபடியே மூழ்கிக் கிடக்கும். அதில் ஒன்று எஞ்சினில் மோதியது. படகு சட்டென்று திரும்பிச் சாய்ந்தது. அத்தான் பக்கவாட்டில் விழ, கயிறு பிடுங்கி எஞ்சின் நின்றது. நான் உட்கார்ந்திருந்த பக்கம் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் நாலு விரல்கூட இல்லை. அந்த நாலு விரலை நான் பார்த்தேன். ராசு எண்பத்தைந்து கிலோ.

"யாரும் எந்திரிக்காதீக" என்றார் அத்தான், டீ கேட்கிற குரலில். "மீனா, பிள்ளையை இறுக்காத, அது மிதக்கும். நீ படகைப் பிடி."

படகு ஆடி ஆடி நிமிர்ந்தது. துடுப்பால் மரத்தைத் தள்ளி விலக்கினார். எஞ்சினைத் தூக்கி விசிறியைப் பார்த்தார். கயிற்றை மறுபடி மாட்டி, இழுத்து, கிளப்பினார். யாழினி இதெல்லாம் விளையாட்டு என்று நினைத்துக் கை தட்டினாள்.

அக்கரையில் இறங்கியதும் அவர் குனிந்து தரையில் கை வைத்தார். "பாத்தியா" என்று ஒரு சொல் இல்லை. ராசுவைக் கூட்டிவரத் திரும்பிப் போய்விட்டார். நல்ல நேரம் கடந்துதான் காது குத்தினோம். அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். யாழினி மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அத்தானிடம் போய், நான் பேசியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றேன்.

"நீ கேட்டது புதுசா? கம்பெனியிலயும் இதைத்தான் கேப்பாக. 'ஒரு ஆளுதானப்பா, ஓரமா ஒக்காந்துக்கிடட்டும்'பாக" என்றார். பிறகுதான், என்னிடம் அந்த ஒருமுறை மட்டும், அதைச் சொன்னார். அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சீசன் நேரம், ஆர்டர் குவிந்து கிடந்தது. நாலு பேர் ரூமில் ஆறு பேர் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். அதிகாரிகள் வருகிறார்கள் என்று சேதி வந்ததும், கணக்குச் சரியாகத் தெரிவதற்காக இரண்டு பேரை எழுப்பி வெளியே வேப்பமரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். அதில் ஒருவர் அத்தான். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே ரூம் வெடித்துப் போனது, உள்ளே இருந்த நாலு பேரோடு.

"நான் வரம்புல பொழைச்சவன் மீனா" என்றார். "கம்பெனிக்காரவுகளுக்கு அது சுவத்துல எழுதுன எழுத்து மட்டுந்தான்."

அதன் பிறகு அவர் எண்ணுவதை யாரும் கேலி செய்ய நான் விட்டதில்லை. இப்போது யாழினிக்கு நாலு வயது. பள்ளிக்கூட ஆட்டோவில் அவளை ஏற்றிவிடும்போது தலைகளை எண்ணுகிறேன். ஒன்று கூடினால் ஆட்டோவைப் போகவிடுவதில்லை. ஓட்டுகிறவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. இருக்கட்டும்.

எரித்த மறுநாள் அத்தானின் சாம்பலைக் கரைக்க அணைக்குப் போனோம். அவர் ஓட்டிய படகுதான். அவர் மகன் கதிரேசன் ஓட்டுவதாக ஏற்பாடு. அழுது வீங்கிய முகத்தோடு அவன் நேராக எஞ்சினிடம் போனபோது, "இருடா" என்றாள் அக்கா. பெண்கள் அங்கே வருவது வழக்கமில்லை என்று யாரோ சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை. மலையைப் பார்க்கச் சொன்னாள். அடி மூடியைத் திருகிப் பார்க்கச் சொன்னாள். டேங்கைக் கீழே இறக்க வைத்து, முதலில் தான் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தாள். அவனும் பதித்தான். வாசம் போகிற வரை எல்லோரும் காத்து நின்றோம். சிவப்புக் கயிற்றை அவளே மகன் மணிக்கட்டில் மாட்டிவிட்டாள்.

சாம்பல் பானையோடு கதிரேசன் ஏறினான். ராசு ஏறினான், செல்வம் ஏறினார். நான்காவதாக அத்தானின் தம்பி ஒரு காலைப் படகில் வைத்தார்.

"கொழுந்தனாரே, நீங்க எறங்கிக்கோங்க" என்றாள் அக்கா.

"நாலு பேருதானே மதினி? மூணு பேருதான் ஏறிருக்காக."

"அவுகளோட சேத்து நாலு" என்றாள்.

அவர் காலை எடுத்துக்கொண்டார். படகு சிவப்புப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு மெல்லத் திரும்பியது. உச்சி வெயிலில் வெள்ளை எழுத்து கரையிலிருந்தே படிக்கும்படி இருந்தது. யாழினி என் இடுப்பில் இருந்தபடி விரல் நீட்டி எண்ணினாள். அவளுக்கு மூன்றுதான் வந்தது. நான் திருத்தினேன்.

போய் வாருங்கள் அத்தான். கணக்குச் சரியாக இருக்கிறது.