உங்கள் அம்மா சாப்பிட்ட சோதனை மருந்து

உங்கள் அம்மாவுக்கு ஒரு காலத்தில் டி.பி. இருந்தது. மூத்தவள் அப்போது தவழ்கிற குழந்தை. மற்ற இருவரும் பிறக்கவில்லை. அவளிடம் கேட்டால், "அது இன்னா பெரிய விஷயம்?" என்பாள். பெரிய விஷயம்தான். அவள் சொல்ல மாட்டாள் என்பதால் நான் எழுதி வைக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை வாங்கி, ஓடு உடைத்து, வேர்க்கடலைப் பருப்பாகச் செக்குக்கு அனுப்பும் வியாபாரம் செய்துகொண்டிருந்தேன். ஓடு உடைக்கிற பெண்கள் நம் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். மாதக்கணக்காக இருமிக்கொண்டிருந்த உங்கள் அம்மாவின் முந்தானையில் ஒரு நாள் ரத்தம் பட்டது. மடித்து மறைக்கப் பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன்.

அன்றிலிருந்து அவள் குழந்தையைத் தூக்குவதில்லை. அது அழுதுகொண்டே அவளை நோக்கித் தவழும். அவள் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வாள். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் நின்றது இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சமயம் பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வாரா வாரம் ஒரு ஜீப் எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு டாக்டரம்மாவும் ஒரு நர்சும் வருவார்கள். டி.பி.க்கு இரண்டு விதமாக வைத்தியம் செய்து, எது மேல் என்று சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். சளியைச் சோதித்தார்கள். கிருமி இருந்தது.

"சிலருக்கு வெறும் மாத்திரை. சிலருக்கு மாத்திரையோட ஊசி" என்றார் டாக்டரம்மா. "யாருக்கு எதுன்னு நான் முடிவு பண்றதில்லை. ஒட்டின கவர் இருக்குது. பிரிச்சா எது வருதோ அதுதான்."

"ரெண்டுல எது நல்லதுங்க?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. தெரிஞ்சா சோதனை எதுக்கு? ரெண்டுமே கேக்கற மருந்துதான். எது மேலன்னுதான் தெரியலை. இஷ்டம் இருந்தா சேருங்க. இல்லேன்னா வேற ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தர்றேன். சேர்ந்த பிறகு வேணாம்னு தோணினாலும் நிறுத்திக்கலாம்."

டாக்டரே தெரியாது என்றால் நாம் யாரை நம்புவது? ஆனால் உங்கள் அம்மா என்னைத் தனியாக அழைத்துப்போய், "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற டாக்டரை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா? இவங்களை நம்பலாம்" என்றாள்.

கவரைப் பிரித்தார்கள். மாத்திரை வந்தது. "ராத்திரியிலன்னா முடியாதுங்க. நாங்க ஜைனருங்க, பொழுது சாய்ஞ்சா வாயில எதுவும் போட மாட்டோம்" என்று அவள் சொன்னதும் டாக்டரம்மா சிரித்துவிட்டார். தினமும் காலையில் என்று முடிவாயிற்று. வாரா வாரம் மாத்திரையை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் பின்கட்டில் ஓடு உடைத்த பெண்களில் ஒருத்திக்கும் அதே இருமல். முன்பே எங்கேயோ டி.பி.க்கு அரைகுறையாக ஊசி போட்டுக்கொண்டவள் என்பதால் அவளைச் சோதனையில் சேர்க்கவில்லை. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தந்தார்கள். போனால் அன்றையக் கூலி போய்விடும் என்று அவள் போகவில்லை.

சில மாதம் ஆயிற்று. உங்கள் அம்மாவின் இருமல் குறையவில்லை. சளியில் கிருமியும் போகவில்லை. ஒரு நாள் நர்சு திடீரென்று வந்து, சிறுநீர் வேண்டும் என்று புட்டியை நீட்டினார்.

"இன்னா சிஸ்டர், சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க?"

"சொல்லிட்டு வந்தா அது சோதனையாம்மா?"

அடுத்த வாரம் டாக்டரம்மாவே வீட்டுக்கு வந்துவிட்டார். சிறுநீரில் மருந்து இல்லையாம். "அன்னைக்குக் காலையில மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார்.

சோதனையிலிருந்து தள்ளிவிட்டால் இவள் கதி என்ன என்று நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். அவளோ நேராகப் பார்த்து, "போடலீங்க. அன்னைக்கு அவளோட முறை" என்றாள்.

"யாரோட முறை?"

பின்கட்டைக் காட்டினாள். "ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அவளுக்கு. எங்க ஜைனருக்கு நாலு தானம் முக்கியம். சோறு, மருந்து, படிப்பு, பயந்தவங்களுக்கு அடைக்கலம். பக்கத்துல ஒருத்தி இருமறப்ப நான் மட்டும் எப்படிங்க முழுங்கறது?"

பின்கட்டிலிருந்து குரல் வந்தது. "ஐயோ, எனக்குத் தெரியாதுங்க டாக்டரம்மா! டப்பால நெறைய மீந்துபோச்சுன்னு சொல்லித்தான் அக்கா குடுத்துச்சு!"

டாக்டரம்மா மல்லாட்டை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. "பாதி மருந்துக்குக் கிருமி சாகாதும்மா. மருந்துக்குப் பழகிடும். அப்புறம் முழு மருந்து குடுத்தாலும் கேக்காது. உங்களுக்கும் கேக்காது, அவங்களுக்கும் கேக்காது."

உங்கள் அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. நல்லது என்று நினைத்துச் செய்தது அப்படித் திரும்பினால் யாருக்குத்தான் தாங்கும்? தனக்கு இனி என்ன ஆகும் என்று கேட்பாள் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப, எனக்குக் கேக்கலைன்னா மருந்து சரியில்லைன்னு எழுதிடுவீங்களா?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் நினைச்சிருப்போம்."

"வேணாங்க. மருந்து மேல தப்பு இல்ல. நான்தான் போடலைன்னு எழுதிக்குங்க. நாளைக்கு இதை வேற யாருக்கோ குடுக்கப் போறீங்க இல்ல? அவங்களுக்குத் தப்பாப் போயிடக் கூடாது."

டாக்டரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான். ஐந்தாவது வரை படித்தவள். அந்தச் சோதனை எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான், அவள் வாயிலிருந்துதான் விளங்கியது.

அவளைத் தள்ளவில்லை. நடந்ததை எழுதிக்கொண்டு, மறுபடி ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னார்கள். "அவளையும் கவனிச்சாத்தான் என்னால முழுங்க முடியும்" என்றாள் இவள். டாக்டரம்மா அந்தப் பெண்ணை ஜீப்பிலேயே விழுப்புரத்துக்கு அழைத்துப்போய் மருந்துக்கு ஏற்பாடு செய்தார். அங்கே போகிற நாளுக்கும் கூலி உண்டு என்று நான் சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு தினமும் காலையில் கிணற்றடியில் ஒரு கூத்து நடக்கும். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அவரவர் மாத்திரையை விழுங்குவார்கள்.

"வாயைத் தொறடி, பாக்கலாம்."

"தொறந்துட்டேன், நாக்குக்கு அடியிலயும் பாரு. நீ மொதல்ல தொற யக்கா. நீதான் மாத்திர பதுக்கற ஆளு!"

கிருமி பழகியிருக்குமோ என்ற பயம் மட்டும் எனக்குப் போகவில்லை. ஒவ்வொரு முறை சளி கொடுத்துவிட்டு வரும்போதும் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் இருமல் மெல்ல நின்றது. அந்தப் பெண்ணுக்கும் தேவலையாயிற்று. ஒரு நாள் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே டாக்டரம்மா, "கிருமி இல்லை. போன தடவையும் இல்லை, இந்தத் தடவையும் இல்லை. குழந்தையைத் தூக்கிக்குங்க" என்றார். மூத்தவள் அதற்குள் நடக்கப் பழகியிருந்தாள். இத்தனை நாள் தூக்காதவள் திடீரென்று தூக்கியதும், வேற்று ஆளைக் கண்டது போலக் குழந்தை வீறிட்டது. உங்கள் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

மாத்திரை முடிந்த பிறகும், நோய் திரும்பாமல் இருக்கிறதா என்று பார்க்க வருஷா வருஷம் அவர்கள் கூப்பிட, இவள் தவறாமல் போனாள். சித்திரை வெயிலில் ஒருமுறை கிளம்பியவளிடம், "உனக்குத்தான் நல்லாயிடுச்சே, இன்னும் எதுக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு நல்லாயிடுச்சுங்க" என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே. "மருந்துக்கு இன்னும் பரீட்சை முடியலையே."