இரண்டாம் வேக்காடு

எங்கள் அப்பா எதையும் சுண்டிப் பார்த்துத்தான் நம்புவார். பீங்கான் கம்பெனியில் சூளைப் பக்கம் வேலை. இறக்கிய கோப்பையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறுகை நகத்தால் சுண்டுவாராம். கணீரென்றால் வெந்தது. மொத்தென்றால் வேகவில்லை, திரும்பச் சூளைக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் தேங்காய், பூசணிக்காய், புதுப்பானை, என் மண்டை என்று ஒன்றையும் விடமாட்டார். நான் கணக்கில் ஏன் மட்டம் என்பதற்கு அவரிடம் அந்தச் சத்தமே போதுமான சாட்சியாக இருந்தது.

எனக்கு ஒன்பது வயது நடந்த வருடம், ஆவணி மாதத்தில், சித்தப்பா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அப்பாவுக்கு ஒரே தம்பி. எங்களோடுதான் இருந்தார். சித்திக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கையில் ஒரு ஆண் குழந்தை. சித்தப்பா மகனை நான் தம்பி என்றுதான் சொல்வேன், இன்றும் அப்படித்தான் சொல்கிறேன். டிசம்பரில் அவனுக்கு ஒரு வயது முடிந்தபோது மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பற்கள் இருந்தன.

சித்தியை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அம்மா தலை பின்னினால் கண்ணில் தண்ணீர் வரும். சித்தி பின்னினால் தூக்கம் வரும். சித்தப்பா போன பிறகு அவள் அதிகம் பேசவில்லை என்றாலும், என் தலையைப் பின்னுவதை ஒரு நாளும் விடவில்லை.

நாங்கள் வேதக்காரர்கள். ஆனாலும் சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக்கூடாது என்பதில் மட்டும் தெருவில் மற்றவர்களுக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. அதனால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு முறுக்கு இல்லை, அதிரசம் இல்லை. வாசலில் நட்சத்திரமும் கட்டவில்லை. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு சித்திதான் பேச்சை எடுத்தாள்.

"அக்கா, பிஸ்கட்டு போடட்டுங்களா? எண்ண காய வெக்கிற வேலையில்லியே."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அது நெருப்புல வேவுறதுதான. போடு" என்றாள். கர்த்தரும் செத்துப்போனவரும் ஒருசேர ஒப்புக்கொள்ளும்படி அம்மாவால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

எங்கள் பிஸ்கட் அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூளைக்குள் கோப்பைகளை நேராக நெருப்புப் படாமல் வைத்து வேகவைக்கக் கனத்த மண்பெட்டிகள் உண்டு. விளிம்பு உடைந்து கழித்துப் போட்ட ஒன்றைச் சித்தப்பா கல்யாணமான புதிதில் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். அடுப்பின் மேல் பெட்டி, அதற்குள் ஆற்று மணல், மணலின் மேல் தட்டு. வாயை மூடத் தகரம், தகரத்தின் மேல் தணல். முந்தைய இரண்டு கிறிஸ்துமஸுக்கும் சித்தி அதில்தான் பிஸ்கட் போட்டாள். சிவக்க வெந்திருக்கும். கடித்தால் அடுத்த அறைக்குக் கேட்கும்.

இந்த முறை அவள் வேறு மாதிரி செய்தாள். மைதாவும் சர்க்கரையும் வனஸ்பதியும் சேர்த்துப் பிசைந்ததில் பாலையும் முட்டையையும் கூடுதலாக விட்டாள். மேல்தணலைப் பாதியாகக் குறைத்தாள். நிறம் மாறுவதற்குள் தட்டை இறக்கிவிட்டாள். நான் ஒன்றை எடுத்து அப்பா மாதிரி சுண்டிப் பார்த்தேன். சத்தமே வரவில்லை. நகம் பட்ட இடத்தில் குழி விழுந்ததுதான் மிச்சம்.

"வேவல சித்தி."

"இது இப்படித்தான் இருக்கணும் பாப்பா."

தப்பை மறைக்க நாமெல்லாம் சொல்வதைத்தான் சித்தியும் சொல்கிறாள் என்று நினைத்தேன். எங்களுக்கு ஆளுக்கு இரண்டு வைத்துவிட்டு மீதி முழுவதையும் பெரிய டின்னில் அடுக்கி மூடியபோது, வெட்கப்பட்டு ஒளித்து வைக்கிறாள் என்றே முடிவு செய்தேன். அம்மா தன் பங்கில் ஒன்றை எடுத்தாள். பாதி தின்றாள். மீதியை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அம்மாவுக்கும் பிடிக்கவில்லை. தம்பி மட்டும் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு எச்சில் ஒழுகச் சப்பினான். ஆனால் தம்பி மண்ணைக்கூடத் தின்பான். அவனுக்குப் பிடித்ததை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

அன்றிலிருந்து சித்தி தினமும் வேப்பிலை அரைத்தாள். எதற்கு என்று கேட்டேன். சொறிக்கு மருந்து என்று அம்மா சொன்னாள். தம்பி அந்த நாட்களில் சித்தியின் மடியில் ஏறுவதும், முகத்தைச் சுளித்துக்கொண்டு அழுவதும், பிறகு ஒரு பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு அம்மாவின் இடுப்புக்குத் தாவுவதுமாக இருந்தான்.

மறுநாள் திட்டக்குடியிலிருந்து சித்தியின் அண்ணன் வந்தார். அம்மா அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய்ப் பேசினாள். நான் துணி காயப்போட்ட கொடிக்குப் பின்னால் நின்றேன்.

"இந்த வூட்ல இருந்துகிட்டு அவ என்னா பண்ணப் போறா? வருசம் திரும்பட்டும்னு பாக்காதீங்கண்ணே. பண்டிய முடிஞ்ச மறுநாளே கூட்டிகினு போயிடுங்க. புள்ளய நான் பாத்துக்கறன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

எனக்கு அம்மா மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சித்தப்பா இல்லையென்றதும் சித்தியைத் துரத்துகிறாள். அதிலும் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு துரத்துகிறாள். என்ன பண்ணப் போறா என்று கேட்கிறாளே! ஒரு பிஸ்கட் ஒழுங்காக வந்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா? இதைத்தான் நான் இரண்டு நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன். கோவிலில் பாட்டுப் பாடும்போதும் யோசித்தேன். வேகாததற்கு என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் பிறந்த எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிறிஸ்துமஸ் அன்று பிற்பகல் எல்லோரும் மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு சித்தப்பாவின் கல்லறைக்குப் போனார்கள். கால் வலிக்கிறது என்று நான் வீட்டிலேயே இருந்துகொண்டேன். சோறு வடித்த அடுப்பில் தணல் இருந்தது. பெட்டியைத் தூக்க முடியாமல் உருட்டி, இழுத்து, எப்படியோ அடுப்பில் ஏற்றினேன். டின்னைக் காலி செய்து நான்கு ஈடாக வேகவைத்தேன். தகரத்தின் மேல் கரண்டி கரண்டியாகத் தணலை வாரிப் போட்டேன். கையில் இரண்டு இடத்தில் கொப்புளம் வந்தது. இறக்கும்போது பிஸ்கட்டுகள் செங்கல் நிறத்தில் இருந்தன. சிலவற்றில் அடிப்பக்கம் கறுத்திருந்தது. அதைக் கத்தியால் சுரண்டிவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தேன். டக், டக் என்று எல்லாமே பேசின. அந்தச் சந்தோஷத்தில் அழுகை வந்தது எனக்கு. டின்னில் அடுக்கி, மூடி, பெட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். அவர்கள் திரும்பி வந்தபோது தம்பி அப்பாவின் தோளில் தூங்கிப்போயிருந்தான். யாரும் டின்னைத் திறக்கவில்லை.

விடிந்ததும் சித்தியின் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சித்தியின் தகரப் பெட்டி கூடத்தில் இருந்தது. தம்பி விழித்துக்கொண்டு சிணுங்கினான். சித்தி அவசரமாக டின்னைத் திறந்து ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினான். சித்தி அதைத் தடவிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். உடைத்துப் பாலில் ஊறவைத்து ஊட்டினாள். பால் பழுப்பாகிவிட்டது. கசந்திருக்க வேண்டும். வேப்பிலைக்குச் சுளித்த மாதிரியே முகத்தைச் சுளித்துக்கொண்டு வீறிட்டான்.

யாரும் கேட்பதற்கு முன்பே நான் சொன்னேன். "நான்தான் திரும்ப வேக வெச்சன். இப்ப சுண்டிப் பாருங்க, சத்தம் வருது."

அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். சித்தி நடுவில் வந்து நின்றாள்.

"அடிக்காதீங்கக்கா." பிறகு வாசலைப் பார்த்து, "அண்ணே, நாளைக்குப் போவலாம். இதை மறுபடி போட்டு வெச்சிட்டு வரன்" என்றாள்.

அவள் குரல் எப்படியோ இருந்தது. அண்ணன் அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு மைதா வாங்கப் போனார்.

ஒரு நாள்! நான் ஜெயித்துவிட்டேன். கொப்புளம் வந்த கையை ஊதிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன்.

தம்பி மட்டும் அழுகையை நிறுத்தவில்லை. அம்மா தூக்கினாள், அப்பா தூக்கினார், நான் பொம்மை காட்டினேன். அவன் சித்தியின் முந்தானையையே பிடித்து இழுத்தான். உச்சிவேளை ஆகும்போது சித்தி எழுந்தாள். கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் தண்ணீர் இறைத்து ஊற்றிக்கொண்டாள். ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு தம்பியைத் தூக்கி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அழுகை நின்றது. அம்மா கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். தட்டாமல் திரும்பி வந்து அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள். சித்தி ஓய்வெடுக்கிறாள் என்று நான் கதவில் சாய்ந்து காவல் இருந்தேன்.

சாயங்காலம் சித்தி மறுபடி பிஸ்கட் போட்டாள். அதே பால், அதே முட்டை, அதே குறைந்த தணல். ஒன்றை என் கையில் வைத்து, "சுண்டிப் பாக்காத பாப்பா. அமுக்கிப் பாரு" என்றாள். அமுக்கினேன். குழந்தைக் கன்னம் மாதிரி உள்ளே போயிற்று. அப்போதும், நான் சுட்டதுதான் நன்றாக இருந்தது என்றே எனக்குத் தோன்றியது.

விவரமெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சித்திக்கு மறுமணம் பேசியிருந்தார்கள். பேசி முடித்தது என் அம்மாதான். இந்த வயதில் ஒரு பெண் வெறுமனே உட்கார்ந்து காலத்தைத் தள்ளக்கூடாது என்று சித்தியிடம் மூன்று மாதம் மன்றாடியிருக்கிறாள். பிள்ளையோடு வந்தால் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்ல, என் பிள்ளையாக வளர்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டதும் அவள்தான். அந்த டின் முழுவதும் தம்பிக்கு. தாய்ப்பால் கேட்டு அழும்போதெல்லாம் கையில் கொடுக்க, நான்கு பல்லில் கரையும்படி போட்டது. அவன் பாலை மறக்கத்தான் மூன்று நாளும் மார்பில் வேப்பிலை பூசியிருக்கிறாள். அவனும் மறந்துகொண்டுதான் வந்தான். என் மூத்தவனுக்குப் பால் மறக்கடித்தபோது, மூன்றாம் நாள் மார்பு கட்டிக்கொண்டு நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான், வேப்பிலையைக் கழுவிவிட்டுச் சித்தி சாத்திய அந்தக் கதவு எனக்குத் திறந்தது. சித்தியும் தம்பியும் மூன்று நாள் பட்டதெல்லாம் அந்த ஒரு பகலில் போயிற்று. நான் பாட்டுக்கு இருந்திருந்தால், தம்பி அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டே பஸ்ஸை வேடிக்கை பார்த்திருப்பான்.

மறுநாள் அப்படி நடக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் சித்தியின் சேலையிலிருந்து அவன் விரல்களை அம்மா ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அவன் போட்ட சத்தத்தில் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். சித்தி ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். தம்பி அவளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக் கத்திக்கொண்டிருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் கிளம்பும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கிக் கொடுத்த ஒரு நாளுக்காகத்தான் அப்படிப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நானும் சிரித்தபடி கையை ஆட்டினேன்.